இருபதாவது வரி நிரம்பிவிட்டது, பெரியம்மா

நீர்ப்பறவை நோக்கர் குழுவின் நிறுவனரும், அதன் நிரந்தரத் தலைவியும், என் அம்மாவின் ஒரே அக்காவும், தற்சமயம் மறுவாழ்வு மருத்துவமனையின் மூன்றாம் மாடி, பதினான்காம் அறையில் வலது காலை நீட்டிப் படுத்திருப்பவருமான பெருமதிப்பிற்குரிய பெரியம்மா அவர்களின் பாதங்களுக்கு (இடது பாதத்துக்கு மட்டும், வலதை யாரும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்) தங்கை மகள் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அம்மாவும் அப்பாவும் நலம். அங்கே உங்களுக்குப் பொருத்திய புது முழங்காலும், அறுபத்து நான்கு வருடமாக உங்களோடு இருக்கும் மற்ற உறுப்புகளும் சண்டையில்லாமல் ஒத்துப்போகின்றன என்று நம்புகிறேன். கடிதம் எழுதுவது எப்படி என்று நான்கு வீடியோ பார்த்தேன். நான்கிலும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: முதலில் நலம் விசாரிக்க வேண்டும், நேராக விஷயத்துக்குள் பாயக்கூடாது. விசாரித்துவிட்டேன். இனிப் பாயலாம்.

எதற்காக இந்தக் காலத்தில் கடிதம் என்று நீங்கள் கேட்க முடியாது, ஏனென்றால் உத்தரவு உங்களுடையது. போன மாதம் நான் அனுப்பிய பதினேழு நிமிட வாய்ஸ் மெசேஜை நீங்கள் கேட்கவேயில்லை. உங்கள் நர்ஸ்தான் முழுக்கக் கேட்டுவிட்டு இதற்கு அடுத்த பாகம் எப்போது வரும் என்று விசாரித்தாராம். "இனிமே எதுவா இருந்தாலும் காகிதத்துல எழுதி அனுப்பு. எழுதும்போதாவது நடுவுல மூச்சு விடுவே" என்றீர்கள். இதோ, பேனாவால் எழுதுகிறேன். விரல் வலிக்கிறது. எழுதியதைத் திருத்த முடியவில்லை, ஸ்மைலி போட முடியவில்லை, நீங்கள் படித்துவிட்டீர்களா என்று காட்ட இரண்டு நீலக் கோடும் வராது. பழைய காலத்து மனிதர்கள் எவ்வளவு பதற்றத்தோடு வாழ்ந்திருப்பார்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

முதலில் போன ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் ஆறு நாளாக அது தொண்டையில் நிற்கிறது. நான் வந்தபோது உங்கள் அறையில் ஜன்னல் திரை மூடியிருந்தது. திறக்கட்டுமா என்று கேட்டேன். "திறந்தா என்ன தெரியும், கார் நிறுத்தற இடமும் மழைத்தண்ணி தேங்கின மைதானமும்தானே" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து அந்த நீல நோட்டை எடுத்துத் தரச் சொன்னீர்கள். பத்தொன்பது வசந்தம், பத்தொன்பது வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, ஒரு எண். ஏரியில் இறங்கி இளைப்பாறி வடக்கே போகும் சாம்பல் வாத்துகள் அந்த வருடம் எத்தனை என்ற ஒரே ஒரு எண். காய்ச்சலோடு போய் எண்ணிய வருடம் உண்டு, பெரியப்பா போன மறு மாதமே போய் எண்ணிய வருடமும் உண்டு. இருபதாவது வரியை விரலால் தடவிவிட்டு, "இந்த வருஷம் இது காலியா இருந்தா நோட்டை மூடிடுவேன். இந்தக் காலோட அடுத்த வருஷமும் கிடையாது. குழுவும் போதும்" என்றீர்கள். குரலில் கோபம் இருந்திருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னீர்கள். அதனால்தான் நோட்டை உங்கள் கையிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். திருடவில்லை, பெரியம்மா, காப்பாற்றினேன். தெற்குக் காற்று எந்த நாளும் ஆரம்பித்துவிடும், ஆரம்பித்தால் வாத்துகள் கிளம்பிவிடும், ஆகையால் இந்தச் சனிக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை என்று எனக்கும் தெரியும். நான் பின்தொடரும் மூன்று வாத்துச் சேனல்களிலும் அதையேதான் சொன்னார்கள்.

ஆனால் உங்களுக்குப் பதிலாக எண்ணப் போகும் என்னைக் குழுவினர் தலைவியாக ஏற்பார்களா என்பது வேறு விஷயம். போன இலையுதிர் காலத்தில் முதல் முதலாக ஊசிவால் வாத்தைப் பார்த்த சந்தோஷத்தில் நான் கத்திய கத்தலில் முந்நூறு பறவை எழுந்து போனதும், அன்றிலிருந்து எனக்கு 'அலாரம்' என்று பெயர் வந்ததும், இன்னொரு தடவை கத்தினால் சொந்தமென்றும் பார்க்காமல் குழுவிலிருந்து எடுத்துவிடுவேன் என்று நீங்கள் சொன்னதும் ஊரறிந்த கதை. அதனால் இந்த முறை முன்னேற்பாடாக ஒரு பை டாஃபி வாங்கி வைத்தேன். சாதாரண டாஃபி இல்லை. மேல்பல்லையும் கீழ்பல்லையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு விடாத கெட்டி டாஃபி. வாயில் அது இருந்தால் கத்த நினைத்தாலும் கத்த முடியாது. தொழில்நுட்பத்தில் இதற்கு மியூட் பட்டன் என்று பெயர்.

இன்று காலை ஐந்தரைக்கு வேன் வந்தது. வந்தவர்கள் மொத்தம் மூன்று பேர்: பல் டாக்டர், நூலகத்து அக்கா, பேக்கரிக்காரர். மற்றவர்கள் வானிலையைப் பார்த்துவிட்டு குரூப்பில் ஆளுக்கொரு கட்டைவிரல் போட்டதோடு கடமையை முடித்துக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. குளிர்காலம் முடிந்ததா இல்லையா என்று வானத்துக்கே தெரியாத வாரம் இது. ஐந்து நிமிடம் வெயில், ஐந்து நிமிடம் மழை, நடுவில் பொடிப்பொடியாக ஏதோ ஒன்று விழுந்தது, அதை மழை என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது. வேன் ஓட்டுநர் உங்களுக்குத் தெரிந்தவர்தான், தினமும் சாயங்காலம் உங்கள் மருத்துவமனைக்குப் பார்வையாளர்களை ஏற்றி வருகிறாரே, அவரேதான். வண்டியை எடுப்பதற்கு முன்னால் இறங்கிச் சுற்றி வந்து சத்தமாக எண்ணினார். "ஆள் நாலு, பை ஏழு, குடை ரெண்டு, ஃபிளாஸ்க் ரெண்டு, முக்காலி ஸ்டாண்ட் ஒண்ணு. போகும்போது என்ன இருக்கோ அது வரும்போது இருக்கணும். அதுதான் என் தொழில்." எவ்வளவு நல்ல பழக்கம் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று இப்போது எழுதவில்லை, ஏனென்றால் அப்போது எனக்கே தெரியாது.

ஏரிக்கரையில் இறங்கியதும் நடந்தவற்றை வரிசையாகச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் வரிசையாகத்தான் நடந்தன. கரையெல்லாம் குழைந்த சேறு. பத்தடி நடப்பதற்குள் பேக்கரிக்காரரின் இடது பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிட்டது, அவர் மட்டும் முன்னால் போய்விட்டார். அதை எடுக்க நான் குனிந்து இழுக்க, அது படக்கென்று கழன்று என் கையிலிருந்து பறந்து ஏரியில் விழுந்து, நேராக நின்றபடி, ஒரு மாலுமி இல்லாத கப்பல் மாதிரி கம்பீரமாக மிதந்து போனது. "விடும்மா, அது போகட்டும், மாமியார் வாங்கிக் கொடுத்தது" என்றார் அவர், காலில் ரொட்டிப் பையைக் கட்டிக்கொண்டே. அதற்கப்புறம் டெலஸ்கோப்பைப் பொருத்தப் போனால் ஸ்டாண்டின் ஒரு காலில் திருகாணி இல்லை. பல் டாக்டர் மண்டியிட்டு அந்தக் காலைத் தன் தோளில் வைத்துக்கொண்டார். "நாள் பூரா மத்தவங்க வாய்க்குள்ள குனிஞ்சு நிக்கறேன், இது ஒண்ணும் புதுசில்ல" என்றார். அப்போதுதான் என் கன்னம் உப்பியிருப்பதைக் கவனித்துவிட்டார்.

"அலாரம், வாயில என்ன?"

"ஆபி" என்றேன்.

"டாஃபியா? கடைவாய்ப்பல்லுல போன மாசம்தான் அடைச்சேன். வாத்து போனா அடுத்த வருஷம் வரும். பல்லு போனா வராது."

உங்கள் விதிப்படி, பறவைகள் கண்ணில் படாமலிருக்கக் கட்டிய மறைகுடிலுக்குள் போய் உட்கார்ந்ததும்தான் எங்கள் ஏற்பாட்டிலிருந்த பெரிய ஓட்டை புரிந்தது. ஐந்து பேர் தனித்தனியாக எண்ண வேண்டும், ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, ஆளுக்கொரு சீட்டில் எழுதி மடித்து உங்கள் பச்சைக் குல்லாவில் போட வேண்டும், சின்னதிலிருந்து பெரியதுவரை அடுக்கி நடுவில் நிற்கும் சீட்டை எடுத்து நோட்டில் எழுத வேண்டும், வாக்குவாதம் கிடையாது. "சராசரி எடுக்காதீங்க, ஒரு பைத்தியம் பத்தாயிரம்னு எழுதினா எல்லாம் கெட்டுப்போகும். நடுவுல நிக்கற ஆள்தான் பெரும்பாலும் தெளிவா இருப்பான்" என்பீர்களே. பத்தொன்பது வருடமாக ஐந்தாவது ஆள் நீங்கள். இன்று நாங்கள் நான்கே பேர். நான்கு சீட்டுக்கு நடு ஏது? நூலகத்து அக்கா தன் வழக்கமான குரலில், அதாவது பக்கத்தில் இருப்பவரின் காதுக்கே பாதிதான் எட்டும் குரலில், "டிரைவரைக் கூப்பிடலாமே, கண்ணா" என்றார். நான் சேற்றில் ஓடிப்போய் அவரை அழைத்துவந்தேன். டாஃபியை வெளியே எடுத்துக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு இரண்டே நிமிடத்தில் பயிற்சி கொடுத்தேன். சுயமாகக் கற்றவள் என்பதால் எனக்குக் கற்றுக்கொடுக்கவும் வேகமாகத்தான் வரும்.

"பேரெல்லாம் தெரியணுமா, பாப்பா?"

"ஒண்ணும் வேணாம்ணா. தண்ணியில பாருங்க, எண்ணுங்க, ஒண்ணையும் விட்டுடாதீங்க, அவ்வளவுதான்."

"ஒண்ணையும் விடறது நம்ம பழக்கமே இல்ல" என்று அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்தார். நான் பழைய டாஃபியைத் திரும்ப வாயில் போட்டேன். பாதுகாப்புக்காக இன்னொன்றையும் சேர்த்துப் போட்டேன்.

அப்போது மூடுபனி விலகியது, பெரியம்மா. திரையை யாரோ ஒரு பக்கமாக இழுத்தது மாதிரி. ஏரி முழுக்க அவை இருந்தன. தலையை முதுகுக்குள் செருகித் தூங்குகிறவை, கழுத்தை நீட்டிக் காவல் நிற்கிறவை, ஒன்றையொன்று மெல்லத் திட்டிக்கொள்கிறவை. வெயில் ஒரு கோடாக விழுந்தபோது எல்லா முதுகும் ஒரே சமயத்தில் பளபளத்தன. நான் இதையெல்லாம் திரையில் நூறு தடவை பார்த்தவள், மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தவள், ஆனால் திரையில் அவற்றின் வாசனை வராது, ஈரப் புல்லும் சேறும் கலந்த அந்த வாசனை, அப்புறம் அந்த ஆயிரம் வயிற்றிலிருந்து வரும் முணுமுணுப்பு. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பு வந்தது, கத்தல் வந்தது, மூன்றும் டாஃபியில் முட்டித் திரும்பிப் போயின. வேறு வழியில்லாமல் அந்த உணர்ச்சியெல்லாம் கட்டைவிரலுக்கு இறங்கிவிட்டது. என் கையில் நீங்கள் கொடுத்த எண்ணும் கருவி இருந்ததே, அமுக்கினால் ஒன்று கூடுமே, அதை ஒரு வாத்துக்கு ஒரு முறை என்றுதான் ஆரம்பித்தேன். ஒன்று சிறகை விரித்தது, டிக் டிக் டிக். இரண்டு சேர்ந்து தலையாட்டின, டிக் டிக் டிக் டிக் டிக். ஒரு குட்டி வாத்து தவறி மற்றொன்றின் முதுகில் ஏறிவிட்டது, அதற்கு மட்டும் நாற்பது இருக்கும். வாத்தை எண்ணுகிறேனா சந்தோஷத்தை எண்ணுகிறேனா என்று ஒரு கட்டத்தில் எனக்கே தெரியவில்லை, ஆனால் விரல் நிற்கவில்லை.

இப்படி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்கும்போது, குடிலுக்குள்ளிருந்து ஒரு கத்தல் கிளம்பியது. "அம்மாடீ, எவ்ளோ அழகு" என்று. கத்தல் என்றால் சாதாரணக் கத்தல் இல்லை. ரயில்நிலையத்தில் கடைசிப் பெட்டிக்குக் கேட்க வேண்டும் என்று கத்துவார்களே, அது. அப்புறம் ஏரியே எழுந்து நின்றது. அத்தனை வாத்தும் ஒரே வீச்சில் கிளம்பி, எங்கள் கூரைக்கு மேலே கருப்பாக ஒரு சுற்றுச் சுற்றி, மேற்குப் பக்கமாகப் போய்விட்டன. இறகு இரண்டு சுழன்று சுழன்று இறங்கின. தண்ணீரில் மிச்சமிருந்தது நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிக் கூட்டமும் பூட்ஸும்தான்.

மூன்று தலையும் என் பக்கம் திரும்பின.

"அலாரம்" என்றார் பல் டாக்டர், தோளில் ஸ்டாண்டின் காலோடு. "கடைசில அடிச்சுட்டியே."

"பாவம்மா உங்க பெரியம்மா. அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் பேக்கரிக்காரர்.

நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறக்கவில்லை. இரண்டு டாஃபியும் ஒன்றாகி மேல்தாடையையும் கீழ்தாடையையும் பற்றவைத்துவிட்டிருந்தன. கையை ஆட்டினேன், வாயைக் காட்டினேன், உம் உம் என்றேன். குற்றவாளி தான் செய்ததற்கு வருந்துவது மாதிரியே அது இருந்திருக்கும். கண்ணில் தண்ணீர் வேறு வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கத்தாத ஒரு நாளில், கத்தவில்லை என்று சொல்லக்கூட வாய் இல்லாமல் நின்றேன். இந்த நிலைமை என் எதிரிக்கும் வரக்கூடாது, இணையத்தில் தினமும் என்னோடு சண்டை போடும் அந்த நாமக்கோழி சேனல்காரனுக்குக்கூட.

அப்போது மூலையிலிருந்து ஒரு கை மெல்ல உயர்ந்தது. பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்கப் போக அனுமதி கேட்பது மாதிரி. நூலகத்து அக்கா. முகம் மாதுளம்பழம் மாதிரி சிவந்திருந்தது.

"நான்தான்" என்றார், மறுபடியும் அந்தப் பாதிக் காதுக் குரலில்.

யாரும் நம்பவில்லை. "யாரைக் காப்பாத்தறதுக்கு இப்படிப் பொய் சொல்றீங்க?" என்றார் டாக்டர்.

"இருபத்தாறு வருஷமா எல்லாரையும் உஷ்ஷுன்னு சொல்லிச் சொல்லி உள்ள சேர்ந்துபோச்சு போல இருக்கு. எங்கே இருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, "நல்லா இருந்துச்சு" என்று சேர்த்துக்கொண்டார்.

டாக்டர் என்னை உட்காரவைத்து, ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி டாஃபியைக் கரைத்து எடுத்தார். கூடவே போன மாதம் அடைத்ததும் வந்துவிட்டது. "மன்னிச்சுக்கோ அலாரம், திங்கட்கிழமை வா, இந்தத் தடவை இலவசம்" என்றார். பெரியம்மா, குழு விதிப் புத்தகத்தில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: நான் கத்தவில்லை. சாட்சிகள் நான்கு பேர், ஒரு பல்.

இனி முக்கியமான கட்டம். வாத்து போய்விட்டது, நோட்டில் இருபதாவது வரி வெள்ளையாகக் கிடக்கிறது. எண்ணியவரை எண்ணியதைச் சீட்டில் எழுதுவோம், விதி விதிதான் என்று முடிவு செய்தோம். ஐந்து சீட்டும் குல்லாவுக்குள் போயின. ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

டாக்டரின் சீட்டு: முப்பத்திரண்டு. "அவ்வளவுதானா?" என்றால், "முப்பத்திரண்டு ஆனதும் என்னவோ முடிஞ்சுட்ட மாதிரி இருந்துச்சு, பழக்கம்" என்றார். பேக்கரிக்காரரின் சீட்டு: அறுநூற்று நாற்பத்தெட்டு. ட்ரே ட்ரேயாக எண்ணினாராம், ட்ரேக்கு இருபத்து நாலு, மொத்தம் இருபத்தேழு ட்ரே, கொஞ்சம் கருத்துத் தெரிந்ததையெல்லாம் தீய்ந்தது என்று ஒதுக்கிவிட்டாராம். நூலகத்து அக்கா: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. வரிசை வரிசையாக அடுக்கி எண்ணியதில், நடுவில் எழுந்து போனவை எப்படியும் திரும்பி வரும் என்று இரவல் கணக்கில் சேர்த்துக்கொண்டாராம். என்னுடையது நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு. யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. கடைசிச் சீட்டு டிரைவர் அண்ணனுடையது. டோக்கன் எழுதும் கையெழுத்தில், கீழே இரண்டு கோடு போட்டு: ஆயிரத்து இருநூற்று அறுபத்து மூன்று.

அடுக்கிப் பார்த்தோம். நடுவில் நின்றது டிரைவர்.

நான் நோட்டைத் திறந்து பத்தொன்பதாவது வரியைப் பார்த்தேன், போன வருடம் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு. அதற்கு முந்தையது ஆயிரத்து இருநூற்றுப் பதினொன்று. பெரியம்மா, உடம்பெல்லாம் புல்லரித்தது. வாத்துக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர், முதல் நாளே, நீங்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, நீங்கள் எழுதியிருக்கக்கூடிய எண்ணை எழுதியிருக்கிறார். "எப்படிண்ணா?" என்றேன். "ஏறினது எத்தனை, இறங்கினது எத்தனை, அதானே" என்றார். பேக்கரிக்காரர் அவரைக் கட்டிப்பிடித்தார், ஒற்றைப் பூட்ஸோடு. மையால் எழுதினேன், பென்சில் இல்லை, மை. இருபதாவது வரி. எழுதும்போது நாக்கு தானாக அடைப்பு போன பல்லைத் தேடிப் போய்விட்டது. திரும்பி வரும்போது அண்ணன் மறுபடி எண்ணினார், "ஆள் நாலு, பை ஏழு, பூட்ஸ் ஒண்ணு குறையுது" என்று அவர் முகம் சுண்டியது ஒன்றுதான் இன்றைக்குக் குறை.

ஆகவே பெரியம்மா, நோட்டு மூடப்படவில்லை. அடுத்த வருடம் இருபத்தொன்று. உங்களால் சேற்றில் நடக்க முடியாவிட்டால் பேக்கரியின் மாவு வண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போவதாக மூன்று பேரும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், சக்கரத்துக்கு எண்ணெய் போடுவது என் பொறுப்பு. என் மேலுள்ள எச்சரிக்கையைத் தயவுசெய்து நீக்கவும். நூலகத்து அக்காவின் மேல் நடவடிக்கை வேண்டாம், அவர் இன்று மிகவும் அழகாக இருந்தார். அம்மா உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார், நர்ஸ் அக்காவுக்கு என் அன்பு, அடுத்த பாகம் விரைவில் என்று சொல்லவும். முழங்கால் சீக்கிரம் மடங்கவும், மனசு மடங்காமல் இருக்கவும் வேண்டிக்கொண்டு, உங்கள் இடது பாதத்தைத் தொட்டு விடைபெறும்,

தங்கை மகள்,
அலாரம் (இன்று ஒலிக்காதது)

பின்குறிப்பு: பெரியம்மா, மேலே எழுதியது எதையும் நம்பாதீர்கள். சாயங்காலம் நாலே முக்கால். கடிதத்தை உங்களிடம் கொண்டுவர டிரைவர் அண்ணன் வாசலில் நிற்கிறார். உறையை ஒட்டும்போது சும்மா பேச்சுக்கு, "அண்ணா, ஆயிரத்து இருநூறு வாத்தை எப்படிண்ணா அவ்வளவு வேகமா எண்ணினீங்க?" என்றேன்.

"வாத்து மட்டுமா, பாப்பா?" என்றார். "நீங்க ஒண்ணையும் விடாதீங்கன்னு சொன்னீங்க. தண்ணியில இருந்த எல்லாத்தையும்தான் போட்டேன். அந்தக் கருப்பா நெத்தியில வெள்ளை வெச்சது, கடல்காகம், ரெண்டு பிளாஸ்டிக் பாட்டில், அப்புறம் அவரோட பூட்ஸ். சின்னதா ஒருத்தன் முழுகி முழுகி எழுந்துட்டு இருந்தானே, அவன் இறங்கி இறங்கி ஏறினான். ஒவ்வொரு தடவை ஏறினதுக்கும் ஒண்ணு போட்டேன். அவன் மட்டுமே ஒரு அறுபது இருப்பான்."

முக்குளிப்பான், பெரியம்மா. ஒரே ஒரு முக்குளிப்பானை அறுபது டிக்கெட்டாகப் போட்டிருக்கிறார். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போ வாத்து எத்தனை என்றேன். "பிரிச்சு எண்ணலையே" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவருக்கும் சங்கடமாகிவிட்டது. "அதுக்கு ஏன் அழறீங்க, வேணும்னா திரும்ப எண்ணிக்கலாம்" என்றார். எங்கேண்ணா எண்ணுவது, அதெல்லாம் போயாச்சே என்றேன்.

"எங்கே போச்சு? மத்தியானம் ஒரு சவாரி போனேன், உங்க பெரியம்மா ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி மைதானத்துல தண்ணி நிக்குதுல்ல, அங்கதான் மொத்தக் கூட்டமும் நிக்குது. பந்து விளையாட வந்தவங்களைத் துரத்திட்டு இருக்குதுங்க."

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "எண்ணச் சொன்னீங்க, எண்ணினேன். எங்க இருக்குன்னு நீங்க கேக்கலையே" என்றார்.

ஆகையால் இருபதாவது வரியை இப்போதுதான் அடித்துவிட்டேன், மேலே ஒட்டுக் காகிதமும் ஒட்டியாகிவிட்டது, அந்த இடம் காலி. டாக்டர், நூலகத்து அக்கா, பேக்கரிக்காரர், நான், நான்கு பேரும் வேனில் ஏறிவிட்டோம், இதை ஓடுகிற வண்டியில் எழுதுகிறேன், எழுத்து ஆடினால் அதுதான் காரணம். நீங்கள் இதைப் படிக்கும்போது உங்கள் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில், குல்லாவோடும் ஐந்து வெள்ளைச் சீட்டோடும் நின்றுகொண்டிருப்போம். டிரைவர் அண்ணன் சீட்டுப் போடவில்லை, உள்ளே போகிற ஆளை மட்டும் எண்ணிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். ஐந்தாவது ஆள் நீங்கள். வெளிச்சம் அரை மணி நேரம்தான் இருக்கும், அதனால் நர்ஸ் அக்காவிடம் சொல்லித் திரையை விலக்கச் சொல்லுங்கள், முகத்தைச் சுவரிலிருந்து திருப்புங்கள், அப்புறம் எங்களை உள்ளே கூப்பிடுங்கள். நான் டாஃபி போடவில்லை, தேவையும் இல்லை. அது மூன்றாவது மாடி, ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி. உள்ளே யார் எவ்வளவு சத்தம் போட்டாலும் ஒரு வாத்துகூட எழும்பாது. பத்தொன்பது வருடமாக வாயை மூடிக்கொண்டே எண்ணியிருக்கிறீர்கள், இன்றைக்கு முதல் கத்தல் உங்களுடையதாக இருக்கட்டும்.